அக்காவின் முதல் ஐந்து வருஷங்கள்

என் அக்காவுக்கு இருந்தது இன்ன நோய் என்று தெரியவந்தபோது எனக்கு அறுபது வயதுக்கு மேல். பல்வலிக்காகப் போய்க் காத்திருந்த இடத்தில் ஒரு பழைய சஞ்சிகை கிடந்தது. அதில் ஆளுமைக் கோளாறு ஒன்றைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தார்கள். காலையில் தெய்வம் என்று கும்பிட்ட ஆளை மத்தியானம் துரோகி என்று திட்டுவது, விட்டுவிட்டுப் போய்விடுவார்களோ என்ற பயத்திலேயே அவர்கள் போய்விடும்படி நடந்துகொள்வது, கோபம், பிறகு காலில் விழுந்து அழுவது, தன் உடம்பையே வருத்திக்கொள்வது. யாரோ எங்கள் வீட்டுக்குள் எட்டிப் பார்த்து எழுதியதுபோல் இருந்தது. எனக்கு முதலில் வந்தது கோபம்தான். இரண்டு பக்கத்தில் சொல்லி முடிக்கக்கூடிய ஒரு விஷயமா எங்களை அத்தனை வருஷம் பாடாய்ப் படுத்தியது? பல்லைக்கூடக் காட்டாமல் வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

நாங்கள் இருந்தது இலங்கை மலைநாட்டில், ராகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். லயம் என்கிற வரிசை வீடுகளில் ஒரு காம்பரா, அதாவது ஒற்றை அறை, அதற்கு முன்னால் இஸ்தோப்பு என்கிற சின்னத் திண்ணை. அதற்குள் அப்பா, அம்மா, அக்கா, நான். அப்பாவுக்கு ஸ்டோர் என்கிற தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. அம்மா மலையில் கொழுந்து பறித்தாள். அக்கா என்னைவிட மூன்று வயது மூத்தவள். அவள் மனசு வைத்தால் இரண்டு பேர் எடுக்கிற கொழுந்தை ஒருத்தியாக எடுப்பாள். மனசு வைக்காத நாட்கள்தான் அதிகம்.

அக்கா வேலைக்குப் போகாத நாளில் அம்மா பெரட்டுக்குப் புறப்படுவது பெரும்பாடு. விடிவதற்குள் எல்லாரும் வரிசையில் நின்று, இன்றைக்கு எந்த மலை என்று கேட்டுக்கொண்டு போகிற இடம் பெரட்டு. பிந்திப் போனால் கணக்கப்பிள்ளை வீட்டுக்கு விரட்டிவிடுவார். அம்மா கூடையை மாட்டிக்கொண்டு "போயிட்டு வாறேன்" என்பாள்.

"எப்ப வருவ?"

"அந்திக்கு."

"அந்தின்னா எப்ப?"

"கொழுந்து நெறுத்ததும் வந்துருவேன்."

அம்மா தண்ணீர் பிடிக்கிற பீலியைத் தாண்டி, பாதை திரும்புகிற முடக்கு வரைக்கும் இறங்கிப் போயிருப்பாள். அப்போது இங்கிருந்து ஒரு கூச்சல் வரும். "நீ என் மொகத்தப் பாத்துச் சொல்லல." அம்மா மறுபடி ஏறி வந்து, முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு இறங்குவாள். சில நாள் மூன்று தடவை ஏறி இறங்கினாள். அப்படிப் போய் வேலை கிடைக்காமல் திரும்பி வந்தால், "எனக்காகத்தான் வந்தியா?" என்று கட்டிக்கொண்டு அழுவாள் அக்கா. அம்மாவுக்கு அழுவதற்குக்கூடத் தெம்பு இருக்காது. கூடையை இறக்கிவைத்துவிட்டு அப்படியே சுவரில் சாய்ந்துவிடுவாள்.

அந்தியில் பத்து நிமிஷம் பிந்தினால் சோற்றுப் பானை முற்றத்துக்குப் போய்விடும். பிறகு அவளே அதைப் பொறுக்கிக் கழுவி, வெந்நீர் வைத்து, அம்மாவின் காலில் ஒட்டியிருக்கும் அட்டைகளை உப்பு வைத்து எடுத்து, ஒவ்வொரு கடிவாயையும் துடைத்துவிடுவாள். அவ்வளவு பதமான கை யாருக்கும் கிடையாது. பானையை எறிந்ததும் நடிப்பில்லை, காலைத் துடைத்ததும் நடிப்பில்லை. நடிப்பாக இருந்தால் எங்களுக்குக் கஷ்டம் குறைந்திருக்கும்.

அவளுக்கு ஒரு கல்யாணமும் நடந்தது. பக்கத்துத் தோட்டத்து மாப்பிள்ளை, நல்ல மனுஷன். அவர் நிற்கிற நிலத்தைத் தொட்டுக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். ஒரு நாள் அவர் வலப்பனைச் சந்தைக்குப் போய், கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு மறுநாள் காலையில் வந்தார். அதற்குள் அவருடைய வேட்டி சட்டை எல்லாம் அடுப்பில் சாம்பலாகியிருந்தன. இன்னும் ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவளை எங்கள் காம்பரா வாசலில் கொண்டுவந்து விட்டார். "கோவிச்சுக்காதீங்க மாமா, என்னால முடியல" என்றார் அப்பாவிடம். அப்பா கோபித்துக்கொள்ளவில்லை. தேத்தண்ணி கொடுத்து அனுப்பினார்.

கோடாங்கி வந்து முனி பிடித்திருக்கிறது என்றார். மாரியம்மன் கோயில் பூசாரி முனி இல்லை, சாமி குற்றம் என்றார். தோட்டத்து டிஸ்பென்சர் நரம்புத் தளர்ச்சி என்று ஒரு கசப்புத் தண்ணீர் கொடுத்தார். எதற்கும் அக்கா அசையவில்லை. நாங்கள்தான் அசைந்து அசைந்து ஓய்ந்துபோனோம். வீட்டில் யாரும் பேசி முடிவுசெய்யாமலே ஒரு முறை வந்துவிட்டது. ஒரு நாள் அம்மாவின் தலை உருளும், ஒரு நாள் அப்பாவின் தலை, ஒரு நாள் என்னுடையது. தன் தலை உருளாத நாளில் மற்றவர்கள் வாயைத் திறக்காமல் இருந்து இளைப்பாறிக்கொள்வோம்.

எனக்கு மிஷன்காரர்கள் புண்ணியத்தில் நுவரெலியாவில் போர்டிங்கில் தங்கிப் படிக்கிற இடம் கிடைத்தது. நான் பெட்டியைக் கட்டிய நாளில் அக்கா என் பாவாடையை ஒளித்துவைத்தாள். பிறகு பஸ் கொண்டக்டரிடம் "அக்கா சாகக் கெடக்கு" என்று சொல்லி அனுப்புவாள். அடித்துப் பிடித்துக்கொண்டு வந்தால் ரொட்டி சுட்டு, சம்பல் அரைத்து, சிரித்துக்கொண்டு நிற்பாள். மறுநாளே, "எதுக்கு வந்த? நான் எப்ப சாவேன்னு பாக்கவா?" என்பாள். சரி, வராமல் இருந்துவிடலாம் என்று ஒரு தடவை இருந்தும் பார்த்தேன். அடுத்த விடுமுறைக்கு வந்தபோது அவள் கையில் துணி சுற்றிக் கட்டுப் போட்டிருந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் வந்தேன். பாசத்தினால் வந்தேன் என்று இப்போது சொல்லிக்கொள்ள ஆசைதான். பயத்தினால் வந்தேன்.

இந்த இடத்தில் பிரஜாவுரிமை விவகாரத்தைச் சொல்லாமல் அக்காவைப் பற்றி மேலே சொல்ல முடியாது.

சுதந்திரம் வந்த வருஷமே, தோட்டத்து ஆட்கள் இந்த நாட்டுப் பிரஜைகள் இல்லை என்று ஆக்கிய சட்டமும் வந்தது. அடுத்த வருஷம் இன்னொரு சட்டம். குடும்பத்தோடு இத்தனை வருஷம் இடைவிடாமல் இங்கேயே இருந்ததாக நிரூபித்தால் பிரஜாவுரிமை கேட்டு மனுப் போடலாம். ஒரு வருஷத்துக்கு மேல் வெளியே போய் இருந்திருந்தால் மனு அடிபட்டுவிடும் என்று சொன்னார்கள்.

எங்கள் அம்மா போயிருந்தாள். அக்காவுக்கு மூன்று வயது நடந்தபோது, அம்மாவின் அப்பா சாகக் கிடக்கிறார் என்று இந்தியாவில் துறையூர்ப் பக்கத்திலிருந்து கடிதாசி வந்தது. அப்போது அம்மாவின் வயிற்றில் நான். ஒரு மாதத்தில் வந்துவிடலாம் என்று அக்காவை அப்பாவிடம் விட்டுவிட்டுப் புறப்பட்டாள். அந்த நேரம் பார்த்து, இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் போகக் கூடாது என்று இந்தியாவில் தடை போட்டார்கள். அதோடு யுத்தமும் சேர்ந்துகொண்டது. அம்மா திரும்பி வர மூன்று வருஷம் ஆயிற்று. வரும்போது இடுப்பில் நான் இருந்தேன். நான் பிறந்தது அங்கேதான்.

அந்த மூன்று வருஷமும் அக்கா பகலெல்லாம் பிள்ளைக் காம்பராவில் கிடந்தாள். வேலைக்குப் போகிற பெண்கள் குழந்தைகளை விட்டுப் போகிற இடம் அது. கொழுந்து நிறுத்தபின் மற்றப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போக அம்மாக்கள் வருவார்கள். அப்பா ஸ்டோர் வேலை முடிந்து வரும் வரைக்கும் அக்கா மட்டும் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பாளாம். அம்மா வந்து சேர்ந்த அன்றைக்கு அவள் பக்கத்தில் போகவே மாட்டேன் என்றாளாம். இதை அப்பா என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னார், அதுவும் நான் வற்புறுத்திக் கேட்டதால்.

அப்போது நாங்கள் இருந்தது வலப்பனைப் பக்கம் வேறொரு தோட்டம். அதன் பழைய செக்ரோலை, அதாவது ஆட்களின் பேர் பதிகிற புத்தகத்தை, கறையான் தின்றுவிட்டது. அதனால் அம்மா போகவே இல்லை என்று சொல்லிவிடலாம் என்று அப்பா முடிவுசெய்தார். எங்கள் லயத்தில் அநேகமாக எல்லா வீட்டிலும் இப்படி ஏதாவது ஒரு முடிவு இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பாட்டுக்குப் பிறகு அப்பா எங்களை உட்கார்த்தி வைத்து, விசாரணைக்கு வருகிற உத்தியோகத்தர் மாதிரிக் கேள்வி கேட்பார். நாங்கள் ஒவ்வொருவராகப் பதில் சொல்ல வேண்டும். "நாங்க எங்கயும் போகல. இங்கயேதான் இருந்தோம்." அம்மா சொல்வாள். பதினொரு வயதில் நானும் சொல்வேன். வலப்பனைத் தோட்டத்தில்தான் பிறந்தேன் என்று சேர்த்தும் சொல்வேன்.

அக்காவுக்கு அப்போது பதினான்கு வயது. முதல் ஞாயிற்றுக்கிழமை அவள், "அம்மா போச்சே. பச்சச் சீல கட்டிக்கிட்டு போச்சு" என்றாள். அப்பா திருத்தினார். அடுத்த வாரமும் அதையே சொன்னாள். அப்பா கன்னத்தில் ஒன்று வைத்தார். "நீ கனாக் கண்டிருப்ப, புள்ள" என்றாள் அம்மா. அதற்குப் பிறகு அக்கா அந்தப் பேச்சை எடுக்கும்போதெல்லாம் கனவு, கனவு என்று மூன்று பேரும் சொல்ல ஆரம்பித்தோம். ஒரு நாள் பீலியடியில் என்னைத் தனியாகப் பிடித்துக்கொண்டு, "நீ அங்கதானே பொறந்த? எங்கிட்ட மட்டும் சொல்லு" என்றாள். "இல்ல, இங்கதான்" என்றேன். வாய் தவறி யாரிடமாவது சொல்லிவிடுவாள் என்று அப்பா எனக்குச் சொல்லிவைத்திருந்தார். அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அந்தச் சஞ்சிகையில் காரணங்கள் என்று ஒரு பகுதி இருந்தது. இது பரம்பரையாகவும் வரலாம். சிலருக்கு மூளையில் பயத்தைக் கிளப்புகிற பகுதி சட்டென்று பற்றிக்கொள்கிறது, அதை அடக்குகிற பகுதி மெதுவாக வேலை செய்கிறது என்று எழுதியிருந்தார்கள். சின்ன வயதில் பெற்றவர்களைப் பிரிந்து இருந்ததாலும் வரலாம். பிள்ளை உணர்ந்ததை, கண்டதை, அப்படி ஒன்றும் இல்லை என்று மறுத்துக்கொண்டே இருக்கிற வீடும் ஒரு காரணமாகலாம். ஒன்று மட்டும் போதாது, பல சேர்ந்துதான் என்றும் எழுதியிருந்தது. எங்கள் வீட்டில் எதற்கும் குறைவு வைக்கவில்லை.

அக்காவுக்கு இருபத்து மூன்று வயதான வருஷம் அம்மாவுக்கு நெருப்புக் காய்ச்சல், அதாவது டைபாய்டு, வந்து ஆஸ்பத்திரியில் பல நாள் வைத்திருந்தார்கள். யாரும் உள்ளே போய்ப் பார்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். நாலாம் நாள் அக்கா தன்னை முடித்துக்கொள்ளப் பார்த்தாள். டிஸ்பென்சர் எப்படியோ காப்பாற்றி நுவரெலியாவுக்கு அனுப்பினார். அப்போது நான் படிப்பை முடித்து, தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சராகச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. பயிற்சிக் கல்லூரிக்குப் போனால்தான் வேலை நிரந்தரமாகும். அதற்குப் பிரஜாவுரிமை வேண்டும். மனுவோ விசாரணை முடிந்து, முடிவு வராமல் வருஷக்கணக்காகக் கிடந்தது.

நுவரெலியா ஆஸ்பத்திரிக்கு வாரம் ஒரு தடவை கொழும்பிலிருந்து ஒரு மனநோய் டாக்டர் வருவார். சிங்களவர், இங்கிலாந்தில் படித்தவர், நாற்பது வயதுக்குள் இருக்கும். அக்காவைப் பார்த்ததும் அவருக்கு ஒரு ஆர்வம் பிடித்துக்கொண்டது. பைத்தியம் என்றும் சொல்ல முடியாத, இல்லை என்றும் சொல்ல முடியாத, எல்லையில் நிற்கிற இந்த மாதிரி ஆட்களைப் பற்றித்தான் தான் ஆராய்ச்சி செய்வதாக என்னிடம் சொன்னார். அதிசயமாக இருந்தது. எங்கள் அக்காவைப் போல் இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள் என்பதே எனக்குப் புதுச் செய்தி.

அவர் ஒரு நீள நோட்டுப் புத்தகம் வைத்திருந்தார். ஒவ்வொரு நோயாளிக்கும் இரண்டு பக்கம். இடது பக்கம் உடம்பு: ரத்தம், சிறுநீர், வலிப்பு உண்டா, குடும்பத்தில் வேறு யாருக்கும் இப்படி உண்டா. வலது பக்கம் வாழ்க்கை, அதிலும் முதல் ஐந்து வருஷம்.

"வலது பக்கத்தில் ஏதாவது கிடைத்தால் உன் அக்காவை இங்கேயே வைத்துக்கொள்வேன்" என்றார் இங்கிலீஷில். "தாயும் மகளும் வாரம் ஒரு நாள் உட்கார்ந்து பேச வேண்டும். பேச்சுதான் வைத்தியம். ஆனால் அதற்கு ஒரு படுக்கை கேட்க என் மேலதிகாரிகளிடம் எழுத்தில் காரணம் காட்ட வேண்டும். வலது பக்கத்தில் ஒன்றும் இல்லையென்றால் இது பிறவிக் கோளாறு என்றுதான் வரும். அப்போது கொழும்புக்கு அனுப்பி, மின்சார வைத்தியம் செய்வார்கள். எவ்வளவு காலம் என்று சொல்ல முடியாது."

நான் தலையை ஆட்டினேன். அவர் சொன்னது எனக்கு நன்றாகவே விளங்கியது. விளங்கவில்லை என்று பிறகு ஒரு நாளும் சொல்லிக்கொள்ள முடியாத அளவுக்கு விளங்கியது.

வீட்டைப் பார்க்க வேண்டும் என்று அவரே ஒரு நாள் அக்காவைக் காரில் ஏற்றிக்கொண்டு தோட்டத்துக்கு வந்தார். அப்பா ஸ்டோர் வேலையில் இருந்தார். டிஸ்பென்சரியில் மேசை போட்டு உட்கார்ந்தோம். தெரிந்த தோட்டத்து ஆம்பளை முன்னால் பெண்கள் பேச மாட்டார்கள் என்று டிஸ்பென்சர் வெளியே போய்விட்டார். மொழிபெயர்க்க என்னை வைத்தார்கள். காய்ச்சல் தெளிந்து வந்திருந்த அம்மா நோட்டுப் புத்தகத்தைக் கண்டதும் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள்.

"இது பிரஜாவுரிம நோட்டு இல்லம்மா. இது அக்கா சீக்குக்கு" என்றேன்.

"எல்லா நோட்டும் ஒரே கவர்மெண்டு கந்தோருக்குத்தான் போவும்" என்றாள் அம்மா.

முதலில் ரத்தம் எடுத்தார்கள், அக்காவுக்கு, அம்மாவுக்கு, எனக்கு. ஊசி குத்தும்போது அம்மா என் காதோடு, "ரத்தத்தப் பாத்து எந்த ஊருன்னு கண்டுபுடிச்சிருவாங்களா?" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

பிறகு கேள்விகள். அப்பா வழியில் யாராவது? அம்மா வழியில் யாராவது? ஒரு அத்தை இருந்தாள், கோபம் வந்தால் மூன்று நாள் சாப்பிட மாட்டாள். அவர் எழுதிக்கொண்டார். இடது பக்கம் நிறைந்துகொண்டு வந்தது. அப்புறம் வலது பக்கத்துக்கு வந்தார். "இந்தக் குழந்தைக்கு ஐந்து வயது ஆவதற்குள் தாய் எப்போதாவது பிரிந்து இருந்ததுண்டா? ஆஸ்பத்திரி, பயணம், எதுவானாலும்."

நான் தமிழில் கேட்டேன். அம்மா நோட்டைப் பார்த்துக்கொண்டே, ஞாயிற்றுக்கிழமைக் குரலில் சொன்னாள். "இல்லீங்க தொர. நாங்க எங்கயும் போகல. இங்கயேதான் இருந்தோம்."

அவர் என்னைப் பார்த்துக் காத்திருந்தார். அம்மா சொன்னது பொய் என்று இங்கிலீஷில் சொல்ல எனக்குப் பத்துச் சொல் போதும். அந்த அறையில் அவரைத் தவிர வேறு யாருக்கும் அது விளங்கியிருக்காது. இதை எழுதாதீர்கள் என்று கேட்டுக்கொண்டும் சொல்லியிருக்கலாம். அதெல்லாம் பிறகு தோன்றியது. அப்போது தோன்றியது ஒன்றுதான். அம்மா போனது எழுத்தில் ஏறினால், நான் எங்கே பிறந்தேன் என்பதும் ஏறிவிடும். "ஒரு நாளும் பிரிந்ததில்லை என்கிறார்" என்றேன்.

அவருக்கு ஏமாற்றம் என்று முகத்தில் தெரிந்தது. அக்காவின் பக்கம் திரும்பினார். "உனக்கு நினைவிருக்கிற மிகப் பழைய விஷயம் என்ன?"

கேள்வியைத் தமிழில் சொன்னேன். அக்கா அலமாரியில் இருந்த மருந்துப் போத்தல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "பிள்ளக் காம்பராவுல படுத்திருக்கேன். அந்திக்கு அம்மா வந்து தூக்கிட்டுப் போவும்."

"தினமும் வருவாரா?"

"தெனமும் வரும். ஒரு நாளும் வராம இருந்ததில்ல."

மொழிபெயர்த்தேன். அவர் வலது பக்கத்தில் ஒரு கோட்டை இழுத்து மூடினார். அப்பாடா, ஒரு வழியாகப் பாடத்தைப் படித்துக்கொண்டாள் என்று நினைத்தேன். அவள் ஒழுங்காக நடந்துகொண்ட அபூர்வமான நாட்களில் அதையும் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டேன்.

மூன்று வாரத்தில் அவளைக் கொழும்புக்கு அனுப்பினார்கள். அப்பா கூடப் போய் விட்டுவிட்டு வந்தார். அவள் அழவில்லை, எப்போது வருவீர்கள் என்று கேட்கவும் இல்லை என்றார். மறுநாள் அம்மா பெரட்டுக்குப் போகும்போது யாரும் கூப்பிடவில்லை. முடக்கில் நின்று, தானாகவே ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனாள். அந்த மாதம் முழுக்க நாங்கள் மூன்று பேரும் நன்றாகத் தூங்கினோம். வெட்கமாக இருந்தது, ஆனாலும் தூங்கினோம். நான் கொஞ்சம் சதை போட்டதாகப் பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள்.

முறை வைத்து யாராவது போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். அங்கே யாரும் அவளைக் கொடுமைப்படுத்தவில்லை. வைத்தியம் நடந்த நாளில் யார் வந்தார்கள் என்பது மறுநாள் அவளுக்கு நினைவிருக்காது. அமைதியாகத்தான் இருந்தாள். பானையைத் தூக்கி எறிகிற கையில் அந்தப் பலமும் இல்லை, அட்டை எடுக்கிற பதமும் இல்லை. போகப் போக எங்கள் பயணங்களுக்கு நடுவில் இடைவெளி கூடிக்கொண்டே போனது. எனக்குப் பரீட்சை வேலை, அப்பாவுக்கு நெஞ்சுவலி, அம்மாவுக்கு ரயில் ஒத்துக்கொள்ளவில்லை. சொல்வதற்குக் காரணம் எப்போதும் இருந்தது.

இரண்டு வருஷம் கழித்து மனுவுக்குப் பதில் வந்தது. தொடர்ந்து இருந்ததற்கு ஆதாரம் போதாது என்று மறுத்திருந்தார்கள். செக்ரோலைக் காட்ட முடியாததால் நாங்கள் சொன்னதை நம்ப இடமில்லையாம். அம்மா போனதை யாரும் கண்டுபிடிக்கவே இல்லை. ஒருவேளை உள்ளதைச் சொல்லியிருந்தாலும் இதே பதில்தான் வந்திருக்கும். அப்பா கடிதத்தை என்னை மூன்று தடவை வாசிக்கச் சொன்னார். பிறகு மடித்து, வேட்டி வைக்கிற பெட்டிக்குள் வைத்தார். "சரி, போவட்டும்" என்றார். எங்கள் வீட்டில் கோபப்படத் தெரிந்தவள் ஒருத்திதான், அவளும் வீட்டில் இல்லை.

அந்த வாரமே நான் நுவரெலியாவுக்கு பஸ் ஏறினேன். டாக்டர் வருகிற நாள் அது. இனி மறைக்க ஒன்றும் இல்லை. வலது பக்கத்தில் எழுத வேண்டியதைச் சொல்லிவிடலாம், அக்காவைத் திரும்ப இங்கே கொண்டுவரச் சொல்லலாம் என்று வழியெல்லாம் இங்கிலீஷில் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். அவர் எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பச்சைச் சேலையைக்கூடச் சொன்னேன்.

அவர் முடியும் வரைக்கும் கேட்டார். "எனக்குத் தெரியும், டீச்சர்" என்றார்.

"எப்படி?" என்றேன்.

"அன்றைக்குக் காரில் திரும்பிப் போகும்போது, கந்தப்பொலை வருவதற்குள் உன் அக்கா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். சிங்களத்தில்."

அக்கா இடையில் சில மாதம் கீழே சிங்கள ஊரில் மரக்கறித் தோட்ட வேலைக்குப் போயிருந்தாள். அந்தப் பெண்களோடு பேசிச் சிரித்துக்கொண்டு வருவாள். அவளும் டாக்டரும் பேசிக்கொள்ள என் உதவி வேண்டியதில்லை என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

"நான் காரை நிறுத்தினேன். இதை எழுதினால் உன்னை இங்கேயே வைத்துக்கொள்ளலாம், எழுதாவிட்டால் கொழும்புதான் என்று சொன்னேன். நன்றாக விளங்கிக்கொண்டாள். எழுத வேண்டாம் என்றாள். தங்கச்சி டீச்சராக இருக்கிறாள், எழுதினால் அவளை இந்தியாவுக்குக் கப்பலேற்றிவிடுவார்கள் என்றாள். அது கனவில்லைதானே என்று மட்டும் கேட்டாள். கனவில்லை என்று சொன்னேன். அதற்குப் பிறகு கொழும்பைப் பற்றி அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை."

இப்போதாவது எழுதலாமா என்று கேட்டேன். எழுதுகிறேன் என்றார். ஆனால் இவ்வளவு வைத்தியத்துக்குப் பிறகு அது எந்த அளவுக்குப் பயன்படும் என்று தன்னால் சொல்ல முடியாது என்றார். கோபித்துக்கொள்ள எனக்கு அவரிடம் ஒன்றும் இருக்கவில்லை. அவர் ஒருவர்தான் அவள் சொன்னதை நம்பியவர்.

அடுத்த சனிக்கிழமை கொழும்புக்குப் போனேன். அக்கா ஒரு மர வாங்கில் வெயிலில் உட்கார்ந்திருந்தாள். தலைமுடியைக் கட்டையாக வெட்டியிருந்தார்கள். என்னை அடையாளம் கண்டுகொள்ளக் கொஞ்ச நேரம் ஆயிற்று. கண்டதும் வாங்கில் நகர்ந்து இடம் விட்டாள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் போயிருந்தேன். நீ சொன்னதெல்லாம் நிஜம், அம்மா போனது நிஜம், நான் அங்கேதான் பிறந்தேன் என்று அவள் கையைப் பிடித்துச் சொல்ல வேண்டும் என்றிருந்தேன்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவள், "பேப்பர் வந்துச்சா?" என்றாள்.

"எந்தப் பேப்பரு?"

"பிரஜாவுரிமப் பேப்பரு. நீ காலேஜுக்குப் போவணுமே."

எது எதையோ மறந்துபோயிருந்தாள். கல்யாணம் ஆனதுகூட அவளுக்குச் சரியாக நினைவில்லை என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். இதை மட்டும் எப்படியோ பிடித்து வைத்திருந்தாள். என் முகத்தையே பார்த்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தாள். உண்மையைச் சொல்லத்தான் நூறு மைலுக்கு மேல் ரயிலில் வந்திருந்தேன்.

"வந்துருச்சுக்கா" என்றேன். "எல்லாருக்கும் கெடச்சிருச்சு."

அவள் சிரித்தாள். "அப்ப சரி" என்று என் கையைத் தட்டிக்கொடுத்தாள்.